சவுக்காரத் தண்ணி பூசாத மனிபோல்ட்

காதுக்கு மெசின் போட்டு இன்றைக்கு நாற்பது நாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது முழுக்க என் காதைப் பற்றிய கதைதான். எங்கள் பக்கத்து வாகனம் திருத்துகிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மணியண்ணை, நீங்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே பிழை பிடிச்ச ஆளெல்லோ. அப்பிடிப் பிடிச்ச பெரிய பிழையள் நாலைஞ்சை எழுதித் தாங்கோ" என்றார்கள். பிடித்த பிழைகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நாற்பது நாளாக மனம் ஒன்றையே சுற்றுகிறது. பிடிக்காமல் விட்ட பிழையை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடட்டும்.

வேலை பழகியது வவுனியாவில், கந்தையா முதலாளியின் கராஜில். ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் கழுவிய போல்ட் நட்டையும் வாங்கிய ஏச்சையும் சொல்ல வெளிக்கிட்டால் முடியாது. உண்மையில் முதலாளி ஏசுவதே இல்லை. மெலிந்த மனிதர். மற்றவர்கள் தேத்தண்ணி கேட்கிற குரலில் "இன்னொருக்காக் கழட்டு" என்பார். அதற்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

மனிபோல்ட் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் வருகிற புகையைச் சேர்த்து ஒரு குழாய்க்குள் அனுப்புகிற வார்ப்பிரும்புத் துண்டு அது. அது இஞ்சினோடு பொருந்துகிற இடத்தில் ஒழுகினால் "டிக் டிக்" என்று தட்டும். வால்வுக்கு மேலே இருக்கிற டப்பெட் தட்டுகிற சத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டையும் பிரித்து அறிவதற்கு, ஒரு முழ நீளமான றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை இஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய்க் கேட்போம்.

முதலாளிக்கு அது காணாது. அவரிடம் ஒரு பழைய மீன் ரின் டப்பா இருந்தது. அதற்குள் சோப்புக் கரைத்த சவுக்காரத் தண்ணியும் ஒரு சின்னத் தூரிகையும். மனிபோல்ட் வேலை முடிந்தது என்று சொன்னால் கதையில்லாமல் வந்து கையை நீட்டுவார். ரின்னை அந்தக் கையில் கொடுக்க வேண்டும். இஞ்சினை ஆறவிட்டு, பின்னால் புகைக்குழாய்க்குள் காற்றடிக்கிற பைப்பைச் செருகி, சுற்றிவர ஈரச் சாக்கால் அடைத்துக் காற்று விடச் சொல்வார். பிறகு குந்தியிருந்து, முழு இரும்புக்கும் அடிப்பக்கம் உட்பட சவுக்காரத் தண்ணி பூசி, கைக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் "இன்னொருக்காக் கழட்டு."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "முதலாளி, நான் குழாய் வைச்சுக் கேட்டனான். ஒரு சத்தமும் இல்லை" என்றேன்.

"உன்ர காதுக்குள்ள நான் வந்து இருந்து பாக்கேலாது தம்பி. நுரையைக் காட்டு, அது ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார்.

அன்றைக்கு ஒரு குமிழியும் வரவில்லை. என் காது சரிதான் என்று எனக்குப் பெரிய புளுகம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவர் சொன்னதில் அதை மட்டுந்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில் நாங்கள் வன்னிக்கு உள்ளே இடம்பெயர்ந்தோம். புதுக்குடியிருப்பில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே கராஜ் போட்டேன். கராஜ் என்றால் நாலு தடியும் ஒரு தறப்பாளும். வெளியிலிருந்து பொருட்கள் வரத் தடை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலம். சவுக்காரமும் தடையில்தான். ஒரு கட்டியை நூலால் அறுத்து நாலு வீடு பங்குபோட்ட நாளில், ஆராவது அதை இரும்புக்குப் பூசுவார்களா? என் மனுசிக்குத் தெரிந்தால் என்னைப் பூசியிருப்பாள். மீன் ரின் எங்கேயோ தொலைந்துபோனது, நானும் தேடவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் வன்னியில் எந்த வேலைக்கும் இல்லாத மரியாதை மனிபோல்ட் வேலைக்கு இருந்தது. வாகனம் சத்தம் போட்டால் மேலே விமானம் வருவது ஓட்டுகிறவருக்குக் கேட்காது. கேட்டால்தானே இறங்கிப் பதுங்கலாம். ஒரு லொறிக்காரர் என்னிடம் வந்து, "அண்ணை, வண்டி ஓடாட்டிலும் பரவாயில்லை, சத்தம் போடக்கூடாது" என்றார். அவர் சொன்னது பகிடி போலத் தெரிந்தாலும் பகிடி இல்லை. நான் றப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு இஞ்சினுக்கு மேல் குனிந்தால், சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். "சரி, கொண்டு போ" என்று நான் சொன்னால் சரிதான். "காது மணியம்" என்று பேர் வந்தது அப்போதுதான். அந்தப் பேரில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

சண்டையின் கடைசியில் ஒரு ஷெல் கிட்ட விழுந்தது. உயிர் தப்பினேன். இடக் காது அந்த இடத்திலேயே போய்விட்டது. வலக் காது மிஞ்சியது என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். தடித்த சத்தம் எல்லாம் கேட்டது. லொறி கேட்டது, இடி கேட்டது, ஆம்பிளைகளின் கதை கேட்டது. மெல்லிய சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போயின. சுவர் மணிக்கூடு தட்டுவது நின்றது. மணிக்கூடுதான் பழுதென்று நினைத்து இரண்டு தரம் பற்றறி மாற்றினேன். மனுசி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மணிக்கூட்டில ஒண்டுமில்லை. காதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றாள்.

காட்டவில்லை. காது மணியத்துக்குக் காது கேட்காது என்று, சண்டை முடிந்து திரும்பி வந்த வவுனியா முழுக்கச் சிரிக்க நான் இடம் கொடுப்பேனா? பதிலாக ஒரு கெட்டித்தனம் பழகினேன். எதிரே நிற்பவர் சொல்வது பிடிபடாவிட்டால் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டி, "ஓம் ஓம்" என்பது. பத்துக்கு ஒன்பது தரம் அது போதும். பத்தாவது தரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, வவுனியாவில் நான் திரும்பவும் கராஜ் நடத்திக்கொண்டிருந்தபோது சேவியர் மாஸ்டர் வந்தார். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்தவர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய செத்துப்போன தமையன் இளம் வயதில் வாங்கிய கார் ஒன்று வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டிலில், நெல்லுச் சாக்குகளுக்குக் கீழே சண்டை முழுவதையும் கழித்துவிட்டிருந்தது. இங்கிலாந்துக் கார். இரண்டே இரண்டு கதிரை. முன்பக்கப் பொனட் மட்டும் பாதிக் காருக்கு நீளம். தலைக்கு மேல் துணி ஹூட். பக்கங்களில் கொழுவிக் கழற்றுகிற பிளாஸ்ரிக் திரை. வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார், எங்கள் றோட்டுக்கல்ல.

"வீட்டில ஒண்டும் மிஞ்சேல்லை மணியண்ணை. இதொண்டுதான் மிஞ்சினது" என்றார் மாஸ்டர். "நத்தாருக்கு முன்னம் இதில திரேசாவை ஏத்திக்கொண்டு வீட்டை போகவேணும். கலியாணம் முடிச்ச புதுசில அண்ணையிட்ட இரவல் வாங்கி அவாவை ஏத்தினனான்."

திரேசா அக்கா அவருடைய மனைவி. அவர்கள் ஊர்க் கோவிலில் பாட்டுத் தொடக்கிக் கொடுக்கிறவர் அவர்தான். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்கு அவர் முதல் அடி எடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்களாம். மாஸ்டர் அதை இரண்டு தரம் சொன்னார்.

இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் வெடி கொளுத்தினது மாதிரி இருந்தது. அது எனக்கும் கேட்டது. மனிபோல்ட் ஒழுக்கு. உள்ளதைச் சொன்னால், அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். மனிபோல்ட்டைப் பிடித்திருக்கிற, இறுகிப்போன ஸ்டட் ஆணிகளை முறுக்கி உடைக்கிற அவசரக்காரன் அல்ல நான். ஒவ்வொன்றையும் நெருப்பில் சுடவைத்து, மெழுகுதிரியை வேரில் பிடித்தால் மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். ஒருநாள் விட்டு, முதலில் மயிரிழை இறுக்கி, பிறகுதான் கழற்ற வேண்டும். ஏழு கழன்றன. ஒன்று முறிந்தது. அதைத் துளைத்து எடுத்தேன். மனிபோல்ட் இஞ்சினோடு பொருந்துகிற முகம் வளைந்திருந்தது. தடித்த கண்ணாடியில் எமரித் தாளை ஒட்டி, அதன்மேல் போட்டு எட்டு எழுதுவது போல உரைத்து உரைத்து, இரண்டு நாளில் மட்டமாக்கினேன். இடையில் வைக்கிற கஸ்கட் தகட்டை நானே வெட்டினேன். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக மாறி மாறி இறுக்கினேன். சூடேற்றி, ஆறவிட்டு, இன்னொரு தரம் இறுக்கினேன். கந்தையா முதலாளி இருந்திருந்தால் அதுவரைக்கும் வாய் திறந்திருக்கமாட்டார்.

பிறகு றப்பர் குழாயை எடுத்து வலக் காதில் வைத்தேன். இஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் முழுச் சவுக்காரக் கட்டி ஒன்று புதிதாகக் கிடந்தது. பத்தடி தூரம். தடை முடிந்து எத்தனையோ வருடம். கடைகளில் சவுக்காரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை.

மாஸ்டரும் திரேசா அக்காவும் காரை எடுக்க வந்தார்கள். அக்கா இடப்பக்கக் கதிரையில் ஏறி இருந்து சேலையைச் சரிசெய்தார். மாஸ்டர் வெளிநாட்டில் இருக்கிற தமையனின் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமென்று போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மெல்லிய குரல். எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டர் உரத்த குரலில், "டிக் டிக் எண்டு என்னவோ தட்டுதாம், அண்ணை" என்றார்.

"அது டப்பெட், அக்கா. பழைய இஞ்சின் அப்பிடித்தான் கதைக்கும்" என்றேன்.

அக்கா இன்னும் ஏதோ சொன்னார். நான் சிரித்துத் தலையை ஆட்டி, "ஓம் ஓம்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நேரே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். மாஸ்டர் அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினார். கராஜில் நின்ற எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அடுத்த நாள் காலை அவர்கள் வெளிக்கிட்டார்கள். புளியங்குளத்தில் மழை பிடித்தது. ஹூட்டைப் போட்டு, பக்கத் திரைகளைக் கொழுவினார்கள். அந்தக் காரில் திரும்புவதற்குக் கைச் சைகைதான் காட்ட வேண்டும். அதனால் மாஸ்டர் தன் பக்கத் திரையைப் பாதி திறந்து வைத்தார். அக்கா நனையாமல் தன் பக்கத்தை இறுக்கிக் கொழுவிக்கொண்டார். தலை இடிக்குது என்று சொன்னாராம். பிறகு நித்திரையாகிவிட்டாராம். நெடுங்கேணி தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி மாஸ்டர் எழுப்பினார். அக்கா எழும்பவில்லை.

கடையில் நின்றவர்கள்தான் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வாகனப் புகை உள்ளே போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். இரண்டு நாள் கழித்து அக்கா கண் திறந்தார். உயிர் மிஞ்சியது. அந்த நத்தாருக்கு அவர் பாடவில்லை. அதற்குப் பிறகும் பாடவில்லை. முதல் அடியை எடுப்பார், இரண்டாவது அடி வராது. நேற்று நடந்தது இன்றைக்கு நினைவில் நிற்காது. டொக்டர்மார் மெல்ல மெல்லச் சரிவரும் என்றார்கள். வரவில்லை.

காரைக் கட்டி இழுத்து என் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் சவுக்காரத்தைக் கரைத்தேன். காற்று விட்டு, அடிப்பக்கம் பூசி, கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாலாம் சிலிண்டர்க் குழாய்களுக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் குமிழி குமிழியாக வந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முகத்தை மட்டமாக்குவதிலேயே குறியாக இருந்த நான் இரும்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதற்கு நேரே, இடப்பக்கக் காலடித் தகட்டில் வயர்கள் போகிற துளைகளின் றப்பர் உக்கிக் கொட்டியிருந்தது. புகை அந்த வழியால்தான் உள்ளே போயிருக்கிறது.

மாஸ்டர் பக்கத்தில் நின்றார். "என்னண்ணை நடந்தது?" என்று கேட்டார்.

கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணி தெறித்தால் வெடிக்கும். அது பொய்யல்ல. "மழைத் தண்ணி பட்டு வெடிச்சிருக்கு, மாஸ்டர். வழியில நடந்திருக்கு" என்றேன்.

புது வெடிப்பு உள்ளே பளபளக்கும். பழையது கரி பிடித்துக் கறுத்திருக்கும். இது கறுத்திருந்தது. ஒரு பயணத்திலும் கறுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டோர்ச்சை அணைத்தேன்.

"அப்ப உங்களில பிழையில்லை" என்றார் மாஸ்டர். என் தோளில் கைவைத்துத்தான் சொன்னார். அந்த மனுசன் என்னை நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

அடுத்த வருடம் கராஜைப் பூட்டினேன். முழங்கால் ஏலாது என்று எல்லாருக்கும் சொன்னேன். உருத்திரபுரத்தில் மனுசியின் வயற்காணியோடு வந்து இருந்தாயிற்று. அந்த வீடியோ போனில் இருந்தது. ஒருநாளும் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. மழையில்தான் வெடித்தது என்பதை நான் பாதி நம்பினேன். பாதி நம்பிக்கையோடு ஒரு மனிதன் கனகாலம் சாப்பிட்டு நித்திரை கொள்ளலாம். எனக்கு அனுபவம்.

நாற்பது நாளுக்கு முன்னர் மனுசி என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காதுக்கு மெசின் போட வைத்தாள். வீட்டுக்கு வந்தால் என் செருப்புச் சத்தமே என்னைத் திடுக்கிட வைத்தது. சுவர் மணிக்கூடு தட்டியது. டிக், டிக், டிக். நான் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு மாமரத்துக்குக் கீழே போயிருந்து வீடியோவைத் திறந்தேன்.

இஞ்சின் சத்தத்துக்குள் அது தெளிவாகக் கேட்டது. டிக் டிக் டிக் டிக். மனிபோல்ட் வெடிப்பு. டப்பெட் அல்ல. ஆறு மாதம் வேலை பழகினவன்கூடச் சொல்லிவிடுவான். என் குரல் "அது டப்பெட், அக்கா" என்றது. அதன்பின் அக்கா சொன்னது, அன்றைக்கு நான் "ஓம் ஓம்" என்று தலையாட்டினேனே, அதுவும் கேட்டது.

"இல்லை அண்ணை, மேலயில்லை. கீழ என்ர கால்ப்பக்கத்தால வருது. ஒருக்காக் குனிஞ்சு பாக்கிறீங்களோ?"

நான் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம்" என்கிறேன். குனியவில்லை.

அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். நாலாம் தரம் கேட்க ஏலவில்லை. எனக்கு அழுகை வந்தது. வயது போனவன் மாமரத்துக்குக் கீழே இருந்து அழுவதைப் பார்த்து மனுசி மெசின்தான் காதைக் குத்துகிறதாக்கும் என்று ஓடிவந்தாள்.

அடுத்த கிழமை பஸ் ஏறி, புதுக்குடியிருப்பில் மாறி, மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கார் பக்கத்துக் கொட்டிலில் தறப்பாளால் மூடிக் கிடந்தது. மாஸ்டர் கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காது போனது, சொல்லாமல் மறைத்தது, சவுக்காரம் பூசாதது, வெடிப்பு கறுத்திருந்தது, வீடியோவில் அக்கா சொன்னது. மழை என்று சொன்னது பொய் என்றேன். "உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறதுக்கும் எனக்கு முகமில்லை, மாஸ்டர்."

எனக்குப் போட்ட கதிரையில் அவரே இருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் கேட்டது, மணியண்ணை. அண்டைக்கு வீடியோ எடுக்கேக்கையே கேட்டது. புளியங்குளத்திலயும் அவா சொன்னவா, இஞ்சை பாருங்கோ, மணக்குது, தட்டுது, நிப்பாட்டுங்கோ எண்டு. மணியண்ணை சொன்னாப் பிறகு உனக்கென்ன தெரியும், பேசாம இரு எண்டு நான்தான் அவாவைப் பேசி இருத்தினனான். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கோவில்ல சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லேல்லை."

இரண்டு ஆம்பிளைகள் ஆளையாள் பார்க்காமல் இருந்தோம். காரைப் பார்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குசினிப் பக்கமிருந்து ஆரோ மெல்லப் பாடுவது கேட்டது. ஒரு அடி. பிறகு நின்றது. திரும்பவும் அதே அடி. திரேசா அக்கா வெளியே வந்தார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். என்னை ஆரென்று மட்டுக்கட்டவில்லை. மரியாதைக்குச் சிரித்தார். என் பக்கத்தில் வந்து தலையைச் சரித்துப் பார்த்தார்.

"அண்ணை, உங்கட காதில என்ன?"

"கேக்கிற மெசின், அக்கா. எனக்குக் காது கேளாது."

சற்றுமுன் மாஸ்டரிடம் சொன்னதை விட்டால், என் வாயால் அதை அப்படி ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தரம். அக்கா தலையை ஆட்டினார். திரும்பிக் குசினிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மெசின் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் முகம் சிரிக்க வெளிக்கிட்டது, தலையும் ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு விளங்கேல்லை. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் திரும்பி, என் முகத்தை நேரே பார்த்து, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ எண்டு கேட்டனான்."

திருப்பிக் கேட்க அவ்வளவு நேரந்தான் சென்றது.